கடைசிப் பொரி பாக்கெட்

மேற்குச் சுவரின் பச்சைக் கதவைப் பூட்டிய அன்று ஷெட்டில் இருந்தவர்கள்: உரிமையாளர் கோமளா, பிரஸ் ஓட்டும் டில்லிபாபு, பக்கத்து ஷெட் முகமது ஆசிக், முனை டீக்கடை ஜமீலா, உள்ளே வர மறுத்து எதிர்ச்சாரியில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பரந்தாமன், இங்கிலாந்தில் ஒரு மியூசியத்தை நிர்வகிக்கும் விட்லாக் என்பவர், இவர்களோடு, வாரத்துக்கு ஒரு முழம் மேற்கே நகர்ந்து அவருடைய மியூசியத்தில் பாதியைப் பிடித்துவிட்டிருந்த, தகடு அடிக்கும் நூறு டன் பவர் பிரஸ்.

பிரஸ் பர்மிங்ஹாமில் 1889இல் செய்யப்பட்டது. உடம்பில் இருக்கும் பித்தளைத் தகட்டில் ஊரும் வருடமும் மட்டும் மிச்சம். செய்தவன் பெயர் கிரீஸ் துடைத்துத் துடைத்தே தேய்ந்துவிட்டது. அது முதலில் அடித்தது பட்டன். ஒரு நாளைக்கு எண்பதாயிரம் பட்டன் அடித்ததில் அந்த ஊரில் பட்டன் போட ஆள் தீர்ந்துபோனது. பட்டனுக்குச் சட்டை வேண்டியிருந்தது, சட்டைக்குள் ஒரு சிப்பாய் வேண்டியிருந்தது, சிப்பாய் நிற்பதற்கு ஒரு நாடு வேண்டியிருந்தது. நாடுகள் பிடிக்கப்பட்டன. பிடித்த பிறகு அதற்கு ஒரு காரணமும் எழுதப்பட்டது, காரணத்தைப் படிக்கப் பள்ளிக்கூடமும் கட்டப்பட்டது. பிரஸ்ஸும் கப்பலேறி ஆப்பிரிக்காவில் கொஞ்ச காலம், ரங்கூனில் கொஞ்ச காலம் என்று இருந்துவிட்டுச் சென்னைக்கு வந்தது. 1974இல் ஒரு பட்டறை அதைப் பழைய இரும்பாக ஏலம் விட்டபோது கோமளாவின் அப்பா ஏகாம்பரம் எடுத்தார். அம்பத்தூர் எஸ்டேட் வருவதற்கு முன்னால் அதே மண்ணில் அவருடைய அப்பா கூலிக்கு நாற்று நட்டவர். ஏகாம்பரம் பிரஸ்ஸை இறக்கிய இடத்தில் வரப்பு ஒன்று இருந்ததாகவும், அதன் மேல் நடக்கத் தன் அப்பாவுக்கு அனுமதி இருந்ததில்லை என்றும் அவர் சொல்வார். சொல்லும்போது குரலில் வருத்தம் இருக்காது. அந்த வரப்பின் மேல்தான் அஸ்திவாரம் போட்டிருந்தார்.

பிரஸ் எப்படி ஓடியதோ அப்படி ஒரு கொள்கை அதன் கீழே நின்றவர்களுக்குக் கிடைத்தது. எழுபதுகளில் தகடு கோட்டாவில் வந்தது. ஷெட்டில் எல்லோரும் சர்க்கார்தான் எல்லாவற்றையும் நடத்த வேண்டும் என்றார்கள். எண்பதுகளில் இரண்டு பேருக்கு விரல் போனது. வாசலில் செங்கொடி ஏறியது, ஏகாம்பரமே அதற்குக் கம்பம் வெல்டிங் செய்து கொடுத்தார். தொண்ணூறுகளில் கார் கம்பெனிகள் வந்து பிராக்கெட் கேட்டபோது, உலகத்தில் எல்லாக் கதவையும் திறந்துவிட வேண்டும் என்றார்கள். சீனாவிலிருந்து அதே பிராக்கெட் வந்து இறங்கியதும், கதவைச் சாத்த வேண்டும் என்று அதே வாய்கள் சொன்னன. யாரும் புத்தகம் படித்து மாறவில்லை. ஃப்ளைவீல் வேகமாகச் சுற்றினால் ஒன்று, மெதுவாகச் சுற்றினால் இன்னொன்று. ஏகாம்பரம் எந்தக் கொள்கைக்கும் சண்டை போட்டதில்லை. பிரஸ் பேசுகிறது, கேட்டுக்கொள்ளுங்கள் என்பார்.

அது நகர்வது 1982இல் தெரிந்தது. மாதத்துக்கு ஒரு விரல் அகலம், கிழக்கே, ஆசிக்கின் அப்பா ரப்பர் மோல்டிங் நடத்திய ஷெட் பக்கம். அஸ்திவாரம், தரை, சுவர் எல்லாம் சேர்ந்தே நகர்ந்தன. ஒரு செங்கல்லும் உடையவில்லை. பக்கத்து ஷெட்டில் செங்கற்களின் எண்ணிக்கை குறைந்தது, அவ்வளவுதான். சர்வேயர் வந்து அளந்தார். பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் அதிலும் அளவு மாறியிருந்தது, முத்திரையோடு. சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நாற்பதடி அகலமாக இருந்த ஷெட் ஆசிக் கைக்கு வந்தபோது பதினெட்டடி. நான்கு வருடத்துக்கு முன்னால் பதினோரு அடி. கம்ப்ரஸரைத் தெருவில் வைத்தான். ஆபீஸ் அறையில் முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டுதான் உட்கார முடியும். அவனிடம் வேலை செய்த ஒன்பது பேரில் ஆறு பேரை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டான். மீதி மூன்று பேருக்கும் அடுத்த பொங்கல் வரைதான் இடம் இருக்கும் என்று சுவரில் பென்சிலால் கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

ஏகாம்பரம் இறந்த பிறகு ஷெட்டை நடத்தியவர் மகள் கோமளா. பன்னிரண்டாவது முடித்த கையோடு பிரஸ்ஸில் நின்றவர். அச்சை மாட்டிச் சரிசெய்யும் டை செட்டிங்கில் எஸ்டேட்டிலேயே அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பது அவருடைய எதிரிகளும் ஒத்துக்கொண்ட விஷயம். ஆசிக்கின் பென்சில் கணக்கைப் பார்த்த அன்று அவர் சாப்பிடவில்லை. ஒரு வாரம் சுற்றியிருந்த ஷெட்களை டேப் வைத்து அளந்தார். ஆசிக்கின் ஷெட்டைத் தவிர எதுவும் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை. ஏன் என்று, இரும்புக்குத் துத்தநாகம் பூசும் கால்வனைசிங் ஷெட் பரந்தாமனிடம் கேட்டதற்கு, "உன் நைனா சாக்கடையை என் பக்கம் திருப்பிவுட்டாரு. எண்பத்தெட்டுலேர்ந்து உங்க ஊட்டுப் பூஜைப் பொரியை நான் கையால தொட்டதில்ல" என்றார் பரந்தாமன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைத்துத்தான் கோமளா திரும்பினார். டீக்கடையில் ஜமீலா சம்பந்தத்தைச் சொன்னார். தொண்ணூத்தாறில் ஆசிக்கின் அப்பா ஹஜ்ஜுக்குப் போய் ஷெட் பூட்டிக் கிடந்தது. அந்த வருடம் ஆயுத பூஜைப் பொரியில் கடைசி பாக்கெட் டீக்கடைக்கு வந்தது. "அந்த வருஷம் பூரா என் கடையில பெஞ்சு போட எடமில்ல கோமளா. ஜனங்க நின்னுகினே டீ குட்சாங்க. நான்கூட ஜனம் ஜாஸ்தியாயிடுச்சின்னு சந்தோஷப்பட்டேன்." ஆசிக் தன் அப்பா சுவரளவு எழுதி வைத்திருந்த நோட்டைப் புரட்டினான். அந்த ஒரு வருடம் மட்டும் அவர்கள் சுவர் பன்னிரண்டு விரல் திரும்பி வந்திருந்தது.

பூஜை முடிந்ததும் பொரி, கடலை, வெல்லம் போட்ட பாக்கெட்டை அக்கம்பக்கத்து ஷெட்களுக்குக் கொடுப்பது எஸ்டேட் வழக்கம். ஏகாம்பரம் எப்போதும் எதிர்ச்சாரியில் ஆரம்பித்து ஆசிக்கின் வீட்டாரிடம் முடிப்பார். மனிதர்களுக்கு அது பொரி. பிரஸ்ஸுக்கு அது வேறு. அது போன நாடுகளில் எல்லாம் முதலில் பாக்கெட்தான் போனது: கண்ணாடி, மணி, துணி, சாராயம். கை நீட்டி வாங்கியவர்கள் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். எனவே பிரஸ், கடைசியாகக் கை நீட்டியவர் பக்கம் நடந்தது. அதற்குத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான். அதை அது மீறியதே இல்லை.

கொடுப்பதை நிறுத்தினாலும் பயன் இல்லை. நிறுத்தினால் கடைசிக் கை ஆசிக்கின் கையாகவே நிற்கும். வேறொருவருக்குக் கொடுத்தால் அவருடைய இடம் போகும். அந்த வருட ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது டில்லிபாபு யோசனை சொன்னார்.

"யக்கா, பருத்திப்பட்டு ஏரிக்குக் குடுத்துடலாமா? அது பாட்டுக்கு அந்தாண்ட போவும்."

"ஏரி எப்டிடா கை நீட்டி வாங்கும்?"

"கவுன்சிலருக்குக் குடுப்போம். அவரு எது குடுத்தாலும் வாங்குவாரு."

"அவரு வாங்குனா, அவரு எடமா போவும்? நம்ம எடந்தான் போவும்."

பிரஸ்ஸை வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுவது என்று கோமளா முடிவு செய்திருந்தார். காஸ் கட்டருக்குச் சொல்லியும் விட்டார். அவருடைய அப்பாவை வரப்பின் மேல் நிற்க வைத்த இயந்திரம் அது. அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை என்றாலும், கையில் இருந்த ஸ்பேனரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். அந்த நிலையில்தான் விட்லாக் வந்தார். வாடகைக் காரில், வெயிலில் சிவந்துபோய், ஆயுத பூஜை அன்று வந்தார். 1889ஆம் வருடத்து பிரஸ் உலகத்தில் இது ஒன்றுதான் ஓடுகிறது என்றும், அதை மியூசியத்துக்குக் கொடுத்தால் கண்ணாடிக்குள் வைத்து, அது உலகத்துக்கு நாகரிகம் கொண்டு போன கதையை எழுதி மாட்டுவோம் என்றும் சொன்னார். எல்லோருக்கும் பொரி கொடுத்து முடிந்திருந்தது. கோமளா தட்டில் இருந்த ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார். விட்லாக் இரண்டு கையாலும் வாங்கி, அங்கேயே பிரித்துச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். கோமளா தெரிந்தேதான் கொடுத்தார். கேட்டவர்களிடம் அதை மறைக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மேற்குச் சுவரில் பச்சை பெயின்ட் அடித்த ஒரு கதவு இருந்தது. திறந்தால் மியூசியம். குளிர், ஈரக் கோட்டு வாசனை, கண்ணாடிப் பெட்டிகளில் பழைய தறிகள், பிரிட்டிஷ்காரர்கள் பிடித்த நாடுகளைச் சிவப்பாகத் தீட்டிய ஒரு உலகப்படம். புது நாட்டில் பிரஸ்ஸின் நடை வேறாக இருந்தது, வாரத்துக்கு ஒரு முழம். இந்தப் பக்கம் ஆசிக்கின் சுவர் அதே வேகத்தில் மேற்கே திரும்பியது. பொங்கலுக்குள் கம்ப்ரஸர் உள்ளே வந்தது. சித்திரைக்குள் நாற்பதடி முழுசாகத் திரும்பிவிட்டது. போன ஆறு பேரில் ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். எஸ்டேட்டில் எல்லோருக்கும் நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்திருந்தது. மியூசியத்தில் பாதி இப்போது கோமளாவின் ஷெட். பத்திரத்தில் அதுவும் ஏறியிருந்தது, அம்பத்தூர் தாலுகா என்று.

டில்லிபாபு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு மத்தியானத்தில் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். திரும்பி வரும்போது கொள்கையோடு வந்தார். "யக்கா, அவனுங்களுக்கு வேலையே தெர்ல. நாலு மணிக்கு வெளக்க அணைச்சுட்டு ஊட்டுக்குப் போயிடறானுங்க. நாமதான் போய்க் கத்துக் குடுக்கணும். அவனுங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." ஷெட்டில் எல்லோரும் ஆமாம் என்றார்கள். கோமளா திட்டவில்லை, ஏனென்றால் முந்தின நாள் அவரே அந்தக் கூடத்தில் குனிந்து, இரண்டாவது பிரஸ் எங்கே போடலாம் என்று சாக்பீஸால் கோடு இழுத்திருந்தார். கோடு உலகப்படத்துக்கு நேர் கீழே முடிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர், யாரிடமும் சொல்லவில்லை.

மறு வருட ஆயுத பூஜை அன்று காலையில் பச்சைக் கதவு அந்தப் பக்கத்திலிருந்து திறந்தது. விட்லாக் வந்தார். ஒருக்களித்து வந்தார். அவருடைய அறை நான்கடியாகிவிட்டதாம். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருந்தன, விரித்துக்கொள்ள இடம் இருந்தும் அவர் விரிக்கவில்லை. இடத்தைத் திருப்பிக் கேட்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கேட்டது வேறு. தன்னிடம் இருந்தவர்களை அனுப்பிவிட்டதாகவும், தனக்கு மட்டும் இந்த ஷெட்டில் ஏதாவது வேலை கிடைக்குமா என்றும் கேட்டார். ஒரு காகிதத்தில் படிப்பு, அனுபவம் எல்லாம் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

ஆசிக் அவருடைய முழங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நான் நாலு வருஷம் இப்டித்தான் உக்காந்தேன்."

"தெரியும்டா."

"ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. இந்த பிரஸ்ஸு பேரைச் சொல்லி ஊருக்கே பொரி குடுக்கறீங்க. அதுக்கு யாராச்சும் குடுத்தாங்களா?"

யாரும் கொடுத்ததில்லை. சந்தனம் வைப்பார்கள், குங்குமம் வைப்பார்கள், பூசணிக்காய் சுற்றுவார்கள். பொரி மனிதர்களுக்கு. நூற்று முப்பத்தைந்து வருடத்தில் அது கொடுத்திருந்தது, எடுத்திருந்தது. வாங்கியதில்லை. எதிரே நின்ற பரந்தாமன், "இத்தினி வருஷமா இது தோணல பார் உங்களுக்கு" என்று கத்தினார். "நீ மட்டும் சொன்னியா பெருசு?" என்றார் டில்லிபாபு. கோமளா அந்த வருடம் எல்லா ஷெட்டுக்கும் தானே போய்ப் பொரி கொடுத்து முடித்தார். ஆசிக் தன் ஷெட்டுக்குப் போய், அங்கே அவனுடைய ஆட்கள் செய்த பூஜையிலிருந்து ஒரு பாக்கெட் எடுத்து வந்தான். அன்றைய கடைசி பாக்கெட் அது. பிரஸ்ஸின் மேஜையில், டை உட்காரும் பள்ளத்தில் வைத்தான்.

பூஜை நாள் என்பதால் மெயின் ஸ்விட்ச் அணைந்திருந்தது. ஃப்ளைவீல் அரைச் சுற்று சுற்றி நின்றது. மேலிருந்து அடிக்கும் இரும்புக் கட்டையான ராம் மெதுவாக இறங்கி, பாக்கெட்டைத் தொட்டு, மேலே போனது. பள்ளத்தில் வெல்லத் துணுக்கு ஒன்று மட்டும் இருந்தது. கடைசியாக வாங்கியது பிரஸ்தான் என்பதால் அது தன் பக்கமே நடக்க வேண்டியிருந்தது. நடந்தது. சாயங்காலத்துக்குள் மியூசியம் முழுசாக விட்லாக்கினுடையதாகிவிட்டது. பத்திரத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஏகாம்பரம் 1974இல் எழுதிய அளவு, அவர் மையில், அப்படியே இருந்தது. அதன் பிறகு பிரஸ் ஒரு நூல்கூட நகரவில்லை. பிராக்கெட் அடிக்கிறது, ஆர்டர் இருக்கும் அளவுக்கு.

விட்லாக்குக்குப் பொரி கொடுக்கவில்லை. ஜமீலா டீ கொடுத்தார். டீக்காகப் பிடிக்க வேண்டிய நாடெல்லாம் எப்போதோ பிடித்தாகிவிட்டது என்பதால் அதில் பயம் இல்லை. கோமளா அவருடைய காகிதத்தை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தார். உங்கள் இடம் உங்களுக்கு, ஆட்களைத் திரும்பக் கூப்பிடுங்கள், சுவரில் எழுதி மாட்டுவதானால் இதையும் எழுதுங்கள் என்றார்: இந்த பிரஸ் போன ஊர்களில், பிடித்ததை யாரும் கேட்காமலே திருப்பிக் கொடுத்த ஊர் அம்பத்தூர் ஒன்றுதான். இதை எஸ்டேட்டில் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை, தகவலாகச் சொல்வார்கள். பெருமை அதற்குள் இருக்கிறது. விட்லாக் எல்லோருக்கும் தலையசைத்துவிட்டு முழங்கைகளை விரித்துக்கொண்டு கதவைத் தாண்டினார். கோமளா கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இழுத்து, ஷெட்டின் முன்வாசல் பூட்டையே கழற்றி வந்து அதில் போட்டுப் பூட்டினார். டில்லிபாபு ஸ்வெட்டரோடு வந்து, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.