ஷகீல் விற்ற விசில்

1.

இந்தக் கதை ஒரு செல்போன் படத்திலிருந்து வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? வாலாஜாபாத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ஷகீல், உடம்பு முழுக்க வெள்ளித்தாளைச் சுற்றிக்கொண்டு, கட்டை விரலை உயர்த்திப் படமெடுத்து அனுப்பியிருந்தான். பிரியாணிப் பொட்டலத்துக்குக் கை முளைத்த மாதிரி இருந்தது. கீழே ‘சர்வைவல் நைட்’ என்று ஒரு தலைப்பு வேறு. சிரித்தேன். சிரித்த கையோடு எழுத உட்கார்ந்தேன்.

2.

முதல் தொடக்கம்: ‘உத்திரமேரூருக்கு அப்பால், அடர்ந்த கானகத்தின் நடுவே, தன்னந்தனியாக அவன்…’

கானகமாம். ஏரிக்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல முள் அது. ஒரு பக்கம் ஏரிக்கரை, மறுபக்கம் சின்னராசுவின் வேர்க்கடலைக் கொல்லை. காது கொடுத்தால் பஸ் ஹாரன் கேட்கும்.

இரண்டாம் தொடக்கம்: ‘மனிதன் இயற்கையிடம் திரும்பும்போது…’

இதை எழுதியதற்காக என்னை யாராவது அடித்திருக்கலாம். ஒழுங்காக ஷப்ரீனிலிருந்து தொடங்குகிறேன்.

3.

ஷப்ரீன் ஷகீலின் மனைவி. நாலாவது படிக்கும் மகள் மாஹிராவை ஜவ்வாது மலைக்குக் கூட்டிப்போய்க் கூடாரத்தில் தங்கவைக்க வேண்டும் என்பது ஷகீலின் ஆசை. மாஹிரா அதற்குள் பையில் துணியே அடுக்கிவிட்டாள்.

“கரண்ட் போனா டார்ச்சு எங்க கீதுன்னு என்னத்தான் கேக்குறீங்க” என்றாள் ஷப்ரீன். “நீங்க மலைல எம்பொண்ண பாத்துக்குவீங்களா?”

“ட்ரெய்னிங் எடுத்துக்கினுதான் போவேன்.”

“அப்ப ஒரு ராத்திரி எங்கனா தனியா இருந்து காட்டுங்க. யாரையும் ஒத்தாசைக்குக் கூப்புடாம. இருந்துட்டா புள்ளய இட்டுக்கினு போங்க. கூப்புட்டீங்கன்னா, இந்த வூட்ல மலைப்பேச்சே எடுக்கக்கூடாது.”

(ஷப்ரீனைக் கொஞ்சம் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். சரிப்படவில்லை. அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.)

4.

ஷகீல் பயிற்சி பெற்றது யூடியூபில். பார்சலில் வந்த பையில் வெள்ளித்தாள், கத்தி, உரசினால் பொறி வரும் இரும்புக்குச்சி, ஒரு விசில். அந்தி சாயும்போது அந்த உத்திரமேரூர் ஏரி முள்ளுக்குள் போய்ச் சேர்ந்தான். படத்தை அனுப்பிவிட்டு, ஒத்தாசை கேட்க ஆசை வந்துவிடக் கூடாதென்று போனை ஸ்கூட்டி சீட்டுக்கடியில் வைத்துப் பூட்டினான். எவ்வளவு முன்யோசனை பாருங்கள்.

குச்சியை உரசினான். பொறி வந்தது, நெருப்பு வரவில்லை. சுள்ளி போதவில்லை போல என்று எழுந்து இருட்டில் நடந்தவனின் கால் பெருச்சாளி வளைக்குள் இறங்கியது. கணுக்காலில் சடக்கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அந்தக் காலை ஊன்ற முடியவில்லை.

இங்கே அவன் வலியைப் பற்றி ஒரு பத்தி வைத்திருந்தேன். ‘வலி என்பது…’ என்று ஆரம்பித்தது. கிழித்துப் போட்டேன். வலித்தது, அழுதான்.

5.

மூன்று முறை விசில் ஊத வேண்டும், கூச்சல் போட்டுச் சக்தியை வீணாக்கக் கூடாது என்பது யூடியூப் பாடம்.* விசில் ஊதினால் அது ஆளைக் கூப்பிட்டதாகாது, உபகரணத்தைப் பயன்படுத்தியதாகும் என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டான். ஊதினான்.

(* மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று உலகம் முழுக்கப் பொருளாம். அந்த உலகத்தில் உத்திரமேரூர் சேர்த்தி இல்லை.)

கடலை முற்றும் காலத்தில் இங்கே காட்டுப்பன்றி இறங்கும். கொல்லைக்காரர்களுக்குள் ஓர் ஏற்பாடு: முதலில் பார்ப்பவர் விசில் ஊத வேண்டும். கேட்டவர்கள் தகரம் தட்ட வேண்டும். யாரும் தன் கொல்லையை விட்டு நகரக் கூடாது.

“ஏரிக்குள்ள பன்னி கீதுடா” என்றது சின்னராசுவின் குரல்.

“அடி, அடி. இந்தாண்ட வர வுடாத” என்றது இன்னொரு குரல்.

நாலாபக்கமும் தகரம் அதிர்ந்தது. ஷகீல் மறுபடி ஊதினான். ஒரு வெடியும் வெடித்தது. அவன் உதவி கேட்கக் கேட்க, உதவக்கூடியவர்கள் எல்லாம் அவனை விரட்டினார்கள்.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர்கள் கழுத்தில் தொங்கிய விசிலெல்லாம் ஷகீல் கடையில் வாங்கியது. வருஷா வருஷம் விற்கிறான். ‘இன்னாத்துக்குண்ணே இது?’ என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். பாக்கி சில்லறை கொடுப்பதோடு அவன் ஊர்ஞானம் முடிந்துவிட்டது.

தவழ்ந்து போகலாமா? சில கொல்லைகளில் பன்றிக்குக் கம்பி கட்டிக் கரண்ட் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். எந்தக் கொல்லை என்று தெரியாது. அப்படியே கிடந்தான்.

6.

முடிவு அ: வாயை மூடிக்கொண்டு விடியும்வரை கிடக்கிறான். வெளிச்சத்தில் நொண்டி வெளியேறி, ஸ்கூட்டியிலிருந்து இறங்கும்போது சறுக்கியது என்று வீட்டில் புளுகுகிறான். ஷப்ரீன் வாக்குத் தவற மாட்டாள். கால் ஆறியதும் மாஹிரா பையோடு அவன் பின்னால் மலை ஏறுகிறாள்.

முடிவு ஆ: “சின்னராசண்ணே, பன்னி இல்ல. நான்தான், ஃபேன்சி ஸ்டோர் ஷகீலு. காலு போச்சி. வந்து தூக்குண்ணே.” சின்னராசு வந்து தூக்குகிறார். அவன் வீடு போய்ச் சேருவதற்குள் கதை வாலாஜாபாத் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மாஹிரா பையிலிருந்து துணிகளைத் தானே எடுத்து வைக்கிறாள்.

எனக்கு ஆ-வில்தான் ஆசை. இன்னும் நன்றாகச் சிரிக்கலாம். ஆனால் எழுதப் போனால் கை நிற்கிறது. நாளைக்கு மலையில் அந்தப் பிள்ளைக்கு அடிபட்டால், வாயைத் திறந்து ஆள் கூப்பிடுகிறவன் ஆ-வில் இருப்பவன்தான். பிள்ளை மலைக்குப் போவதோ அ-வில் வாயை மூடிக்கொண்டு கிடந்தவனோடு. இந்தப் பந்தயத்தை ஒப்புக்கொண்ட அந்தக் கழுதையின் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

நான் எழுத மாட்டேன். உங்கள் வீட்டுப் பிள்ளையை எவனோடு அனுப்புவீர்களோ, அவனாக அவனை ஆக்கிக்கொள்ளுங்கள். தகரச் சத்தம் இப்போது கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது, கத்தினால் கேட்கும்.