வெந்நீர் அலமாரி

கேலம் எழுந்ததும் போர்வைக்குள்ளேயே காலுறையை மாட்டிக்கொண்டான். கோட்டோடுதான் தூங்கியிருந்தான். கீழே வந்து கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்தான். பாத்திரம் கழுவும் தொட்டியில் அதை ஊற்றி, குழாய்த் தண்ணீர் கலந்து முகம் கழுவினான். மறுபடி கெட்டில். அதில் ஒரு டீ. நாற்காலி முதுகில் கிடந்த சட்டையைப் போட்டு, அதன்மேல் மறுபடி கோட்டை மாட்டிக்கொண்டான். ரொட்டியை வாட்டி வெண்ணெய் தடவினான். வெண்ணெய் கல்லாக இருந்ததால் ரொட்டி கிழிந்தது. நின்றுகொண்டே தின்றான். போன குளிர்காலத்திலிருந்து காலை இப்படித்தான்.

ஆனால் இந்த வாரம் நிற்கவும் இடமில்லை. முன்னறைத் தரைப் பலகைகளைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். கம்பளம் சுருட்டப்பட்டு ஜன்னலோரம் சாய்ந்திருந்தது. சோபா, டிவி, மேசை எல்லாம் நடு அறையில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி, வெள்ளைத் துணி போர்த்தி, பிணம்போலக் கிடந்தன. சமையலறைக்குப் போக ஒற்றைப் பலகை. அறைகளைச் சூடாக்கிவந்த பழைய ரேடியேட்டர்கள் பின்முற்றத்தில் கறுப்புத் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தன. அவற்றின் பக்கத்தில், சுவரோரமாக, இனி வீட்டைச் சூடாக்கப் போகிற புது ஹீட் பம்ப். பெரிய விசிறி வைத்த சாம்பல் நிறப் பெட்டி. இன்னும் உயிர் வரவில்லை.

எட்டாம் வரிசையில் எல்லா வீடும் இதே கதைதான். கடலோரத்தில் இந்த வரிசை வீடுகளை நிலக்கரிச் சுரங்கக் கம்பெனி கட்டியது. சுரங்கம் மூடி வெகு காலமாகிவிட்டது. இப்போது வீடுகள் ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் கையில் இருந்தன.

வேன் வந்து நின்றது. மால்கம் காலணி உறையை மாட்டிக்கொண்டே உள்ளே வந்தார். குழாய் வேலைக்காரர், முட்டி இரண்டும் போனவர், மாடிப்படி ஏறும்போதெல்லாம் யாரையோ திட்டுவார். பின்னாலேயே ஸ்டெஃப், மின் வேலை பார்ப்பவள், கம்பிச் சுருளைத் தோளில் மாட்டியிருந்தாள்.

"டீ போட்டியா தம்பி?"

"இப்பதான் தண்ணி வச்சேன்."

"சீக்கிரம் ஆகட்டும். இன்னும் பத்து நிமிஷத்துல இவ கரண்டைப் புடுங்கிடுவா."

"நான் புடுங்கலைன்னா இந்தப் பெருசு ட்ரில்லை வச்சு கம்பியில குத்தி வறுபட்டுச் சாகும்," என்றாள் ஸ்டெஃப்.

மால்கம் மேலே போனார். படி முடிகிற இடத்தில் வெந்நீர் அலமாரியின் கதவைத் திறக்கவில்லை, தட்டிப் பார்த்தார். திரும்பிக் கீழே எட்டிப் பார்த்தார்.

"இன்னும் காலி பண்ணலையா?"

"பண்ணிடறேன்."

"நேத்தும் இதையேதான் சொன்ன. திங்கக்கிழமையும் சொன்ன." அவர் படியில் உட்கார்ந்தார். "புது வெந்நீர்த் தொட்டி வண்டில நிக்குது தம்பி. இந்த அலமாரிய விட்டா அதுக்கு வேற இடமில்ல. மத்தியானத்துக்குள்ள காலியாகலைன்னா, உள்ள விடலைன்னு ஆபீசுக்கு நான் சொல்லியாகணும். நாளைக்கு எங்கள ஒன்பதாம் வரிசைக்கு அனுப்பிடுவாங்க."

"அப்புறம் எப்ப வருவீங்க?"

"அத என்கிட்ட கேக்காத. ஆபீஸ்ல கேட்டா, பட்டியல்ல இருக்கீங்கம்பாங்க."

அந்த வாக்கியத்தைக் கேலம் நன்றாக அறிவான். போன குளிர்காலம் முழுக்கத் தொலைபேசியில் அதைத்தான் கேட்டான். சில சமயம் ஆண் குரல், சில சமயம் பெண் குரல். எல்லோரும் மரியாதையாகவே சொன்னார்கள்.

இந்த வீட்டுக்கு அவனும் மனைவி ஜெம்மாவும் குடிவந்தது ஒரு மார்ச் மாதத்தில். சாவி கொடுத்த பெண் ஒவ்வோர் அறையாகக் காட்டிக்கொண்டு போக, ஜெம்மா படி முனையிலேயே நின்றுவிட்டாள். அலமாரிக் கதவைத் திறந்து, உள்ளே தலையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உள்ளே சிவப்பு மெத்தை சுற்றிய செம்புத் தொட்டி. அதற்கு மேலே மரச்சட்டத் தட்டுகள். "கேலம், இங்க வந்து மூஞ்சிய நீட்டு," என்றாள். ரொட்டிக் கடை வாசலில் அடிப்பதுபோல ஒரு சூடு அடித்தது. "வீடு எப்படியோ போகட்டும். இது ஒண்ணு போதும்."

அவள் வயதானவர்களை வீடு தேடிப் போய்க் கவனிக்கும் வேலையில் இருந்தாள். விடியுமுன்னே முதல் பேருந்து. ஊதா நிறச் சீருடைச் சட்டையை இரவே துவைத்து அலமாரியின் நடுத்தட்டில் வைப்பாள். காலையில் இருட்டோடு ஓடிப் போய் அதை எடுத்து, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு வருவாள். போட்டுக்கொண்டதும் ஒரு நிமிடம் அசையாமல் நிற்பாள். அந்த ஒரு நிமிடம் அவளிடம் யாரும் பேசக் கூடாது.

நடுத்தட்டு யாருக்கு என்பதில் எப்போதும் தகராறு. தொட்டியின் தலைக்கு நேர் மேலே இருந்தது அது. ஒரு தடவை கேலம் அங்கே இஞ்சி பீர் புளிக்கவைத்தான். மூடியை இறுக்கித் திருகிவிட்டான். வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு புட்டியும் வெடித்தன. அந்த வாரம் முழுக்க ஜெம்மா இஞ்சி வாசனையோடு வேலைக்குப் போனாள். "என்ன கண்ணு, காலைலயே ஒரு ரவுண்டு போட்டாச்சா?" என்று கிழவிகள் எல்லோரும் கேட்டார்களாம். அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். படித்த மாப்பிள்ளை, பட்டம் வாங்கிய மாப்பிள்ளை, மூடி திருகத் தெரியாத மாப்பிள்ளை என்று கேலி செய்தாள். சரக்குக் கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்கும்போது இப்போதும் அவனுக்குத் திடீரென்று இஞ்சி வாசனை வரும்.

போன டிசம்பரில் சோதனைக்கு வந்தவன் பாய்லரைப் பார்த்தான். முன்னறைக் கணப்புக்குப் பின்னால் இருந்து, ரேடியேட்டர்களுக்கும் செம்புத் தொட்டிக்கும் சூடு தந்த கிழட்டுப் பாய்லர். விஷக்காற்று கசிகிறது என்று சொல்லி எரிவாயுவை மூடி, அபாயம் என்று சிவப்பு அட்டை ஒட்டிவிட்டுப் போனான். அதில் தப்பில்லை. சங்கம் இரண்டு மின்கணப்புகளைக் கொடுத்தது. வசந்தத்தில் ஹீட் பம்ப் வரப் போகிறது, இந்தப் பழசுக்கு இப்போது செலவு செய்வதில் அர்த்தமில்லை என்றது. நீங்கள் பட்டியலில் இருக்கிறீர்கள்.

அலமாரி அணைந்துபோனது. ஆனாலும் ஜெம்மா இரவில் துவைத்த சட்டையை நடுத்தட்டிலேயே வைத்தாள்.

"தொட்டி பச்சைத் தண்ணியா கெடக்கு. அதுல வச்சா காயுமா?"

"தெரியும். கை அங்கதான் போகுது."

காலையில் சட்டை ஈரமாகவே வரும். அதையே போட்டுக்கொண்டு அவள் பேருந்துக்கு ஓடுவாள். அந்த ஒரு நிமிட நிற்பு மட்டும் இல்லை. ஜனவரியில் இருமல் வந்தது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெதுவெதுப்பாக இருங்கள் என்றார்.

பிப்ரவரிக்குப் பிறகு கேலம் அந்தக் கதவைத் திறக்கவில்லை. பட்டியல் நகர்ந்து நகர்ந்து நவம்பரில் அவன் வீட்டுக்கு வந்திருந்தது.

மின்சாரம் போனது. பக்கத்து வீட்டுக் கிழவர் ரானி தட்டில் டீயோடு வந்தார். முப்பது வருஷம் சுரங்கத்தில் கிடந்தவர். இந்த வேலை தொடங்கிய நாளிலிருந்து அவருக்கு நல்ல பொழுதுபோக்கு.

"நாங்க பூமியக் குடைஞ்சு எடுத்துட்டு வந்து எரிச்சோம். இப்ப என்னடான்னா வெளிக்காத்துலேர்ந்து சூடு எடுக்குறானாம். இந்த ஊர்க் காத்துல! ஏம்மா, அதுல சூடு இருந்தா நான் ஏன் ரெண்டு பனியன் போடறேன்?"

"உங்க வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி கை வச்சுப் பாருங்க தாத்தா. சூடா இருக்கும். அதே வித்தைதான், பெருசா," என்றாள் ஸ்டெஃப்.

"அப்ப ஃபிரிட்ஜுக்குப் பின்னாடியே குடித்தனம் நடத்தச் சொல்றியா?"

"உங்கள அங்க வச்சா பால் திரிஞ்சிடும்."

ரானி சந்தோஷமாகச் சிரித்தார். மால்கம் சிரிக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கேலமைப் பார்த்தார்.

கேலம் குவளையை வைத்துவிட்டு மாடி ஏறினான்.

கதவு ஈரத்தில் உப்பி இறுகியிருந்தது. காலை ஊன்றிப் பலமாக இழுத்தான். பூஞ்சை வாடை வந்தது. மேல்தட்டில் துண்டுகள். கீழ்த்தட்டில் வெந்நீர்ப் பை இரண்டு, ஒற்றைக் கையுறை, படுக்கை விரிப்புகள். நடுத்தட்டில் ஊதாச் சட்டை. நாலாக மடித்து, கழுத்துப்பட்டையை மேலே வைத்திருந்தாள். மடிப்பின் ஓரத்தில் பச்சையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. சட்டைக்கு அடியில், மரத்தில், இஞ்சி பீர்க் கறை.

துண்டுகளை எடுத்து நடைவழியில் போட்டான். விரிப்புகளை எடுத்தான். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் சட்டை இருந்தது.

ஸ்டெஃப் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தவள் நின்றாள். சட்டையைப் பார்த்தாள்.

"ஜெம்மாவோடதா?"

அவன் தலையசைத்தான்.

"எங்கம்மா வீட்டுக்குக் காலைல அவங்கதான் வருவாங்க. அம்மாவுக்கு இன்னும் சொல்லல. லீவுல இருக்காங்கன்னு சொல்லி வச்சிருக்கோம்." அவள் கம்பியைக் கீழே வைத்தாள். "எங்கம்மாவோட உள்பனியன ரேடியேட்டர்ல போட்டுச் சூடு பண்ணித்தான் மாட்டி விடுவாங்க. மத்தவங்களுக்கு அதுக்கு நேரம் இருக்காது. இவங்களுக்கும் நேரம் கிடையாதுதான். கால் மணி நேரம்தான் குடுப்பாங்க ஒரு வீட்டுக்கு. இருந்தாலும் உள்ள நுழைஞ்சதும் கோட்டக் கூடக் கழட்ட மாட்டாங்க, நேரா ரேடியேட்டருக்குத்தான் போவாங்க."

கேலமுக்கு இது தெரியாது. ஜெம்மா சொன்னதில்லை.

"வெளிய எடுத்து வைக்கட்டுமா?" என்றாள் ஸ்டெஃப்.

"வேணாம். நானே எடுக்கறேன்."

எடுத்தான். ஒன்பது மாதத்தில் அது காய்ந்துதான் இருந்தது. ஆனால் கைக்குச் சில்லென்று பட்டது. படுக்கையறைக் கட்டில்மேல் வைத்தான்.

"மால்கம், காலியாயிடுச்சு," என்று கீழே பார்த்துக் கத்தினான். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

அதன்பின் வேலை மளமளவென்று ஓடியது. தட்டுகளை மால்கம் ரம்பத்தால் அறுத்தார். செம்புத் தொட்டியைப் பெயர்த்து, சிவப்பு மெத்தையை உரித்து, நடைவழியில் கிடத்தினார். புதுத் தொட்டி வெள்ளை வெளேரென்று, குளிர்பதனப் பெட்டிபோல, அலமாரியை அடைத்துக்கொண்டு நின்றது. பொழுது சாயும் நேரத்தில் ஸ்டெஃப் முற்றத்திலிருந்து குரல் கொடுத்தாள். விசிறி சுழன்றது. தேனீக் கூட்டின் இரைச்சலைத் தூரத்திலிருந்து கேட்பதுபோல ஒரு முனகல்.

மால்கம் கேலமைச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் சுவர்ப்பெட்டியின் முன்னால் நிறுத்திப் பாடம் எடுத்தார்.

"பழைய புத்தியில காலைல போட்டு, அரை மணி நேரத்துல அணைச்சு, அதெல்லாம் கூடாது. ராப்பகலா மெதுவா ஓடட்டும். ரேடியேட்டர் சுடாது, வெதுவெதுன்னுதான் இருக்கும். அதுக்காகத் திருகிக்கிட்டே இருக்காத."

ரானி புது ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்தார். "இதவிட என் பூனை சூடு."

"அலமாரில, தொட்டிக்கு மேல, ஒரு தட்டு மட்டும் அடிச்சா துணி காயுமா?" என்று கேலம் கேட்டான்.

மால்கம் தலையை ஆட்டினார். "காயாது தம்பி. பழசுல சூடு கசியும், அதான் அலமாரி சூடா இருந்துச்சு. இதுலேர்ந்து ஒரு பொட்டுச் சூடு வெளிய வராது. அதானே இதோட பெருமையே. கை வச்சுப் பாரு, சில்லுன்னு இருக்கும்."

கேலம் மேலே போய்க் கைவைத்துப் பார்த்தான். சில்லென்றுதான் இருந்தது. படுக்கையறைக்குப் போனான். அங்கே சுவர் நீளத்துக்குப் புது ரேடியேட்டர். ஊதாச் சட்டையை உதறி, அதன்மேல் விரித்துப் போட்டான். கைகளை நேராக்கினான். கழுத்துப்பட்டையைத் தடவிவிட்டான். சிறிது நேரம் அப்படியே நின்றான். மெல்ல, அடியிலிருந்து, துணி வெதுவெதுப்பேறியது.

உடம்பு புழுங்குவதுபோல இருந்தது. ஏன் என்று முதலில் அவனுக்குப் புரியவில்லை. பிறகு கோட்டைக் கழற்றினான்.

கீழே மால்கமும் ஸ்டெஃபும் செம்புத் தொட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கி, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே வெளியே கொண்டுபோனார்கள். ரானி வழிசொல்லிக்கொண்டே பின்னால் போனார். வாசல் கதவை அகலத் திறந்து, திருகாணி டப்பாவால் முட்டுக்கொடுத்திருந்தார்கள். கடற்காற்று நேராக உள்ளே வந்து படியேறியது.

கேலம் படிமுனையில் நின்று அந்தக் கதவைப் பார்த்தான்.

பிப்ரவரியில் அன்றைக்கு அவனுக்கு அதிகாலை ஷிப்ட். இன்னொரு நாள் வராவிட்டால் வேலை போய்விடும் என்று கிடங்கில் சொல்லியிருந்தார்கள். ஜெம்மா போர்வைக்கு மேல் அவனுடைய பழைய கோட்டையும் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கட்டில் காலடியில் மின்கணப்பின் ஒற்றைக் கம்பி சிவந்திருந்தது. ஏதாவது வேண்டுமா என்று கேட்டான். கையை மட்டும் அசைத்தாள். சாயங்காலம் அவன் திரும்பியபோது அவளால் பேச முடியவில்லை, ஆம்புலன்சிலும் பேசவில்லை, ஆஸ்பத்திரியில் வாயில் குழாய் இருந்தது. அன்று காலையில், அவன் நிலைப்படியைத் தாண்டும்போது சொன்னதுதான் கடைசி.

"கதவ நல்லாச் சாத்திட்டுப் போ கேலம். இருக்குற சூடும் போயிடப் போகுது."