அக்காவுக்கு எழுதிக் கொடுத்த பவர்

பத்திர எழுத்தருக்குக் காது சற்று மந்தம். ஆகையால் எதையும் உரக்கவே படிப்பார். கையெழுத்துக்கு முன் ஆவணம் முழுவதையும் இரு தரப்பாருக்கும் படித்துக் காட்டுவது அவருடைய வழக்கம். அவ்வழக்கம் முன்னமே தெரிந்திருந்தால், சுண்டு தன் அக்காவைக் கையெழுத்துப் போடும் நேரத்துக்கு மட்டும் உள்ளே அழைத்திருப்பான்.

சுண்டு லாரிப் பட்டறையில் வெல்டர். இராணுவத்தில் சேர்ந்து, மறுநாள் விடியற்காலை வண்டியில் அடிப்படைப் பயிற்சிக்குப் புறப்பட வேண்டியவன். ஒன்பது மாதங்களுக்கு வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க இயலாது. தாய் தந்தை இல்லாத வீடு. அதைப் பார்த்துக்கொள்ளத் தையல் வேலை செய்யும் அக்காவின் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தான். அதுவரையில் நல்ல புத்திதான். பட்டறைப் பெயின்டர்தான் காதைக் கடித்தான்.

"அக்கா நல்லவங்கதான்டா. அக்காவுக்கு ஒரு வீட்டுக்காரர் இருக்காருல்ல? நாலு பக்கமும் கட்டிப் போட்டு எழுது. நீ அங்க லெஃப்ட் ரைட் போட்டு நடக்கிறப்ப, இங்க உன் வீடு தானா நடந்து போயிடப் போகுது."

முந்தின நாள் சுண்டு தனியே வந்து, ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதச் செய்தான். அதைத்தான் எழுத்தர் இப்போது படித்துக்கொண்டிருந்தார்.

"மேற்படி வீட்டை முகவர் விற்கவோ அடமானம் வைக்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. தாமோ, தம் கணவரோ, பிள்ளைகளோ அவ்வீட்டில் ஓர் இரவேனும் தங்கக் கூடாது. பரணில் உள்ள பொருள்களைத் தொடக் கூடாது. வீட்டின் நிலையை மாதந்தோறும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்."

பெஞ்சில் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"வீட்டைப் பாத்துக்கச் சொல்றானா, வாசல்ல நின்னு பாத்துட்டுப் போகச் சொல்றானா?" என்றார் ஒரு பெரியவர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

சுண்டு தரையைப் பார்த்தான். அந்த வீட்டில் அக்காவுக்கும் பாதிப் பங்கு இருந்தது. கலியாணமான மறுவாரமே அதை அவன் பெயருக்கு விட்டுக் கொடுத்துக் கையெழுத்திட்டவள் அவள். படித்துப் பார்க்கச் சொன்னதற்கு, "தம்பிக்குக் குடுக்கிறதுல படிக்க என்ன இருக்கு?" என்றாளாம்.

எழுத்தர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "புரிஞ்சுதாம்மா? ஏதாவது மாத்தணுமா?"

"வேண்டாங்க. தெளிவாத்தான் எழுதியிருக்கு."

"அக்கா, அது சும்மா, எல்லாருக்கும் வழக்கமா எழுதறதுதான்" என்று முணுமுணுத்தான் சுண்டு.

மந்தமான காதில் அது மட்டும் எப்படியோ விழுந்துவிட்டது. "வழக்கமா எழுதறது நாலு வரிதான் தம்பி. மீதியெல்லாம் நேத்து நீ சொன்னது."

"அப்ப அதையெல்லாம் எடுத்துட்டு வேற எழுதிடுங்க."

"ரிஜிஸ்டர் ஆபீஸ் மூடற நேரம். இனிமே எழுதினா நாளைக்குத்தான்."

நாளைக்கு அவன் இங்கே இருக்கமாட்டான். அக்கா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் படித்து முடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டாள்.

வெளியே வந்ததும் சுண்டு அவள் கையைப் பிடித்தான். "அக்கா, அதையெல்லாம் மனசுல வெச்சுக்காத. புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வந்து தங்கு."

"கையெழுத்துப் போட்டிருக்கேன் சுண்டு. அதுல உள்ளபடி செய்யறேன். அதுக்கு மேல எங்கிட்ட எதிர்பாக்காத."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

முகாமுக்கு முதல் மாத முடிவில் கடிதம் வந்தது. கூரை ஒழுகவில்லை. பூட்டு பழுதின்றி உள்ளது. முற்றம் பெருக்கப்பட்டது. பரண் திறக்கப்படவில்லை. கீழே கையெழுத்து. சாப்பிட்டாயா, கால் வலிக்கிறதா என்று ஒரு சொல் இல்லை. இரண்டாம் மாதமும் அவ்வாறே.

அன்று மாலையே சுண்டு முகாம் அலுவலகத்தில் போய் நின்றான். "இந்தப் பவரை ரத்து பண்ணிட்டு வேற எழுதணும் சார்."

அதிகாரி நகலைப் புரட்டினார். "ஏன், அக்கா ஏதாவது ஏமாத்திட்டாங்களா?"

"ஐயோ, இல்ல சார்."

"பின்ன? எழுதினபடி செய்யலையா?"

சுண்டு இரண்டு மாதக் கடிதங்களையும் எடுத்து மேசைமேல் வைத்தான்.

"எழுதினபடிதான் சார் செய்யறாங்க" என்றான்.