சிமெண்ட் கிடங்கின் அச்சுப் படிக்கட்டு

கிடங்கின் புது மாடிப்படி காகிதத்தால் ஆனது. அதில் முதலில் கால் வைத்தவள் சுமைக்காரர்களின் மேஸ்திரி, தலையில் ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையோடு. பழைய மரப்படி அன்று காலைதான் கறையான் தின்று பொலபொலவென்று உதிர்ந்திருந்தது. சாயங்காலத்துக்குள் முன்னூறு மூட்டையும் மாடிக்குப் போகாவிட்டால் நாளைக்கு மூட்டை ஏற்றும் மெஷின் வரும், சுமைக்காரர் பதினோரு பேரும் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு முதலாளி சாப்பிடப் போய்விட்டார்.

மேஸ்திரியின் புருஷன் அதே கிடங்கில் கிளார்க். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் அவனுக்கு அவள் வைத்த பேர் நாற்காலி. சரக்குப் பட்டியலை ஒழுங்குபடுத்த, ஆபீஸ் விண்டோஸ் கம்ப்யூட்டரில் யூனிக்ஸ் என்ற இன்னொரு கம்ப்யூட்டர் முறையின் பாணியில் அமைந்த இலவச மென்பொருள்களை அவன் இறக்கியிருந்தான். ஒரு கறுப்புச் சதுரம் திறக்கும். அதில் கட்டளை தட்டினால் அரை நாள் வேலை கண் மூடித் திறப்பதற்குள் முடியும். அச்சடிப்பதில்தான் கோளாறு. விண்டோஸ் வழக்கத்தில் ஒவ்வொரு வரி முடிவிலும் இடப்பக்கம் திரும்பு, கீழே இறங்கு என்று இரண்டு உத்தரவு உண்டு. யூனிக்ஸுக்கு இறங்கு என்ற ஒன்றே போதும். பிரிண்டர் சொன்னதை மட்டும் செய்தது: இறங்கியது, திரும்பவில்லை. ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்தில் தொடங்கியது. அன்று அச்சடித்த தாள் அவன் அறையைத் தாண்டி வெளியே வந்து, முதல் வரியை மாடிக் கதவில் சாய்த்து, கடைசி வரியைத் தரையில் ஊன்றி நின்றது.

"கிழிஞ்சிட்டா என்னக்கா?" என்றான் ஒரு சுமைக்காரன்.

"கிழிஞ்சா கீழதான விழுவ, மேலயா போவ? ஏறுடா."

பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு படி. 'ஆணி' என்ற குட்டிப் படி குதிகாலுக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது. 'இரும்புக் குழாய் வளைவு' தாராளம். அதில் நின்று மூச்சு வாங்கினார்கள், பீடி பற்றவைக்க மட்டும் யாரும் துணியவில்லை.

இருநூறாவது மூட்டை ஏறுகையில் நாற்காலி கோளாறைக் கண்டுபிடித்து, சந்தோஷமாகச் சரிசெய்து, மறுபடி அச்சடித்தான். வரிகள் ஒழுக்கமாக இடப்பக்கம் திரும்பின. படியில் இருந்த நாலு பேரும் மூட்டையோடு இடப்பக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டார்கள்.

"என்னய்யா பண்ணித் தொலைச்ச?"

"சரி பண்ணிட்டேன்டி."

"உன்ன யாரு சரி பண்ணச் சொன்னா? பதினோரு வீட்டு அடுப்புல கைய வெச்சிட்டியே! ஒழுங்கா கெடுத்து வை!"

வேலையைக் கெடுக்கச் சொல்லி அவனுக்கு உத்தரவு வந்தது அதுதான் முதல் தடவை. கவனமாகக் கெடுத்தான். நாலு பேரும் சுவரிலிருந்து உரிந்து படிக்குத் திரும்பினார்கள். நாலரைக்கெல்லாம் முன்னூறும் மேலே போய்ச் சேர்ந்தன. முதலாளி வந்து பார்த்தார், மெஷின்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்றார்.

அடுத்த வருடம் வந்த கட்டட இன்ஸ்பெக்டர் படியைத் தட்டிப் பார்த்துவிட்டு, கைப்பிடி இல்லை என்று ஒரே ஒரு குறை எழுதினார். நாற்காலி வரிக்கு வரி ஒரு செங்குத்துக் கோடு தட்டினான். ஒன்பது வருடமாக அதைப் பிடித்துத்தான் ஏறுகிறார்கள். எழுத்து மங்கினால் புதிதாக அச்சடிப்பான். மை காயும் அந்தக் கால் மணி நேரம் பதினோரு பேரும் உட்காருவார்கள்.