இலங்கைத்துறையில் மிஞ்சிய ஒரே முடிச்சு

ஜதுசா பிறந்த கிழமையிலிருந்து இலங்கைத்துறையில் ஒரு முடிச்சும் நிற்கவில்லை. கரையில் கட்டிய தோணிகள் தாமாக அவிழ்ந்து வெருகல் பக்கம் போயின. ஆடுகள் அடுத்த வீட்டுப் பயிற்றங்கொடியைத் தின்றன. கிண்ணியாவில் வாங்கிய புது வலையும் ஊருக்குள் வந்ததும் வெறும் நூலானது. கலியாணத்தில் ஐயர் தாலிக்கு ஊசி குத்திவிட்டு அடுத்த மந்திரத்தைச் சொன்னார். சூடை மீன் விலை ஏறியது.

ஜதுசாவின் தகப்பன் தவராசா கரைவலை இழுக்கிறவன். பிள்ளை மூச்செடுத்தால் துருப்பிடித்த கப்பி சுற்றுவது போலக் கேட்கும். மூன்று வயதாகியும் கஞ்சித் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டொக்டரம்மா, இதயத்திலிருந்து வரும் பெருநாடி இவளுக்குப் பிறவியிலேயே இரண்டாகப் பிரிந்து, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் சுற்றிப் பின்னால் சேர்ந்திருக்கிறது என்றார். வளர வளர இறுக்குமாம். ஒரு கிளையை வெட்ட வேண்டுமாம்.

வலைக்காரர் கயிற்றை வெட்டுவதில்லை. நகத்தாலோ பல்லாலோ அவிழ்ப்பார்கள், பொழுது போனாலும்.

"வெட்டாமல் அவிழ்க்க ஏலாதா, டொக்டர்?"

"இது கயிறில்லை, ஐயா. இதில இரத்தம் ஓடுது."

செய்தி அவர்களுக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டது. மூன்று வருடமாக வலை போடாத சம்மாட்டி, கரைவலைக்குச் சொந்தக்காரர் முத்தன், வந்து கதிரையில் இருந்தார். "பிள்ளை எப்பிடியோ மூச்செடுக்குதுதானே, தவராசா. ஊரில நிக்கிற முடிச்சு அது ஒண்டுதான். அது நிண்டால்தான் மற்றதுகளும் ஒரு நாள் திரும்பி வரும். அதையும் வெட்டிப்போட்டால் பிறகு ஒரு நாளும் வலை போட ஏலாது. நாங்கள் என்னத்தைத் தின்னுறது?"

பிள்ளையின் தாய் கனகம்மா குசினிக்குள்ளிருந்து வந்தாள். "முத்தண்ணை, அதை ஒரு கிழமைக்கு உங்கட தொண்டையில போட்டுப் பாருங்கோ. பிறகு வந்து கதையுங்கோ."

மறுநாள் தவராசா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கனகம்மாவோடு கொழும்பு பஸ்ஸில் ஏறினான். அவனுக்குப் பயமோ கவலையோ வரவில்லை. பசி மட்டும் வந்தது.

சின்னக் கிளையை வெட்டினார்கள். வெட்டிய முனைகளை நூலால் கட்டியிருப்பதாகத் தாதி சொன்னதும் கனகம்மா ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்றாள். அந்த முடிச்சுகள் ஊர் எல்லையில் அவிழ்ந்தால் பிள்ளை அங்கேயே முடிந்துவிடும். முனைகள் சதை பிடித்து மூடும்வரை கிண்ணியாவில் கனகம்மாவின் சிநேகிதி நபீஸா வீட்டில் ஒரு வருடம் இருந்தார்கள். நபீஸா ஏன் என்று கேட்கவில்லை. பிள்ளைக்கு முதலில் பாண் ஊட்டியது அவள்தான்.

அவர்கள் திரும்பி வந்தபோது இலங்கைத்துறையில் முடிச்சு என்ற ஒன்று இல்லை. பிறகு வரவும் இல்லை. ஆட்கள் பழகிவிட்டார்கள். ஒவ்வொரு தோணியையும் முறை வைத்து ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார். வலைக்குப் பதில், முடிச்சுப் போடாமல் கம்பியில் முறுக்கிய தூண்டிலால் மீன் பிடித்தார்கள். முத்தன் தன் முறைக்கு ஒரு நாளும் பிந்தியதில்லை.

தவராசாவின் முறையில் அவன் இடுப்பளவு தண்ணீரில் கயிற்றோடு நிற்க, ஜதுசா அவனுக்கு ரொட்டி கொண்டுவந்தாள். வருகிற வழியிலேயே பாதியைக் கடித்துத் தின்றிருந்தாள். மிச்சத்தையும் கேட்டாள். தவராசா கயிற்றை மற்றக் கைக்கு மாற்றிவிட்டுக் கொடுத்தான்.