சீவாளி சொன்ன பதில்கள்

நகராட்சி பேண்டின் முதல் வரிசையில் இருந்த பேக்பைப், அதாவது காற்றுப்பை வைத்த ஊதுகுழல், நீர்த்தொட்டித் திறப்பு விழாவில், காலை பத்தே காலுக்கு, ஒரு பெண்ணின் குரலில், "சாப்பிட்ட தட்டையாவது நீ என்னைக்காவது எடுத்து வெச்சிருக்கியா?" என்று கேட்டது. ஆணையர் அதையும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டினார். மேளக்காரர் மட்டும் குனிந்து, "அண்ணே, அண்ணி சுருதி சுத்தமா இருக்கு" என்றார்.

அந்தக் குரல், பேக்பைப் வாசித்தவரின் மனைவியுடையதுதான். வீட்டில் அவரை 'நீங்க' என்பவள். சீவாளிக்குள் 'நீ' என்றிருந்தாள்.

சீவாளி என்பது பேக்பைப்பில் ஒலி எழுப்பும் உறுப்பு; செப்புக் குழல்மேல் மெழுகு நூலால் கட்டிய இரண்டு நாணல் சீவல்கள். ஓரம் விலகினால் காற்று கசியும். நூலைப் பிரித்து, இறுக்கிக் கட்டி, ஓரத்தில் நகப்பூச்சு தடவ வேண்டும். வீட்டில் அது அவள் வேலை. அவள் நகத்துக்கு அது ஆகாது என்று அவர் சொல்லியிருந்ததால், வீட்டிலிருந்த ஒரே சீசா சீவாளிக்குத்தான். கட்டுமுன் அதை வாயில் வைத்து ஊறவிட வேண்டும். அது வாசிப்பவரின் வேலை. நாணல் கசக்கிறதென்று அதையும் அவளிடம் தள்ளிவிட்டிருந்தார். வாயில் சீவாளி இருந்தால் பேச முடியாது. அவர் தன் குறைகளைச் சொல்ல அந்த நேரமாகப் பார்த்து வருவார். உப்பு, அவள் அம்மா, அவள் நடை. ராசியான சீவாளி என்று பதினான்கு வருடமும் அதை மாற்றவில்லை. அவள் விழுங்கிய பதில்கள் அதற்குள்தான் போய்க்கொண்டிருந்தன. இப்போது ஓரம் விலகி, அவை கசியத் தொடங்கியிருந்தன.

விழா முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "ஊரே சிரிக்குது. சனிக்கிழமை அடுத்த வாசிப்பு, அதுக்குள்ள சரி பண்ணு, ஒரு மூச்சு கசியக் கூடாது. கட்டுடி. இல்லேன்னா பின் வரிசைல ஜால்ரா தட்ட விட்டுடுவாங்க."

அவள் கை தானாகவே நூல்கண்டுக்குப் போனது. அவர்மேல் இருந்ததைவிடப் பெரிய கோபம் அந்தக் கையின்மேல் வந்தது. யாரும் கேட்காமலே கட்டப் பழகிய கை. இறுக்கிக் கட்டினால் பதினான்கு வருடமும் உள்ளேயே கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கத்தியை எடுத்து ஓரத்தை இன்னும் அகலமாகச் சீவினாள்.

"என்ன பண்றே?"

"ரிப்பேர்" என்றாள்.

வேறு சீவாளி வாங்க நாளில்லை. சனிக்கிழமை அவர் கன்னம் உப்ப ஊத ஊத, அவள் சொல்லாதவை அவர் மூச்சிலேயே வெளிவந்தன. நிறுத்தப் பார்த்தார், பையில் இருந்த காற்று முடியும்வரை அது நிற்கவில்லை. அவள் இரண்டாம் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள், சிரிக்காமல். பேண்டு மாஸ்டர் கோலைக் கக்கத்தில் இடுக்கிக் காத்திருந்து, "இன்னைக்கு அவ்வளவுதானா அண்ணி? சரி, மார்ச்" என்றார்.

அவருடைய முதல் வரிசை இடம் பறிபோகவில்லை. அவள் பதிலைக் கேட்கக் கூட்டம் கூடியதால் பேண்டு அவரைப் பின்னால் போக விடவில்லை. நிகழ்ச்சிநிரலில் இப்போது முதலில் 'மனைவியின் பதில், பத்து நிமிடம்' என்று அச்சாகிறது, மார்ச் அடுத்துத்தான். பதினான்கு வருடப் பதில்களில் போன வாரம்தான் மூன்றாம் வருடத்துக்கு வந்திருக்கிறார்கள்.