ரோஸ் நூல் முடிச்சு

பால்வண்ணநாதன் அண்ணாச்சியின் சுற்றுலா வேன் மேலகரம் கார் ஆடியோ கடைமுன் வந்து நின்றதும் இசக்கிராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டான். போன குற்றால சீசனில் ஐந்தருவிப் பக்கம் நின்றபோது புகைந்து, பின்சீட்டுகள் கருகிப்போன அதே வேன். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இசக்கிராஜாவின் பேர்தான் எரிந்தது.

அந்த வேனுக்கு ஸ்டீரியோவும் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் மாட்டி வயர் இழுத்தவன் அவன். தீப்பிடித்த பிறகு அவனை வேன் பக்கமே அண்ணாச்சி விடவில்லை. கடைக் கூட்டாளி ஜெனோதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "பேட்டரி லைன்ல ஃபியூஸே இல்லலே. மறந்துட்ட போல. மனுசன்தான, விடு" என்று தோளில் கை போட்டான். கரண்டு மிஞ்சினால் தானே உருகி வண்டியைக் காப்பாற்றுகிற சுண்டுவிரல் அளவுச் சாமான் ஃபியூஸ். அதைப் போய் மறப்பேனா என்று இசக்கிராஜா கிடந்து புழுங்கினான். ஆனால் சொன்னது ஜெனோ அல்லவா! ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சு, பார்டர் கடையில் ஒரே தட்டில் புரோட்டா. தன் கையைவிட அவன் வாயைத்தான் நம்பினான்.

அண்ணாச்சி நடுரோட்டில் ஏசியபோது தலையைக் குனிந்து நின்றான். ஜெனோ பக்கத்திலேயே நின்றான். 'ராஜா ஜெனோ ஆடியோஸ்' என்ற போர்டில் 'ராஜா'வை, "ஊரு வாய் அடங்குத வரைக்கும்லே" என்று ஜெனோ சொன்னதற்காக, ஏணி போட்டு ஏறித் தானே சுரண்டினான். அதன்பிறகு கடையில் அவனுக்குச் சீட்டுக் கழற்றுவதும் மேட் விரிப்பதும்தான் வேலை. பேட்டரி லைன் பக்கமே அவன் போவதில்லை.

இப்போது சாரல் தொடங்கிவிட்டது. வருடம் முழுக்க வீட்டுக்குப் பின்னால் கிடந்த வேனைத் தட்டியெழுப்பி, புது ஸ்டீரியோ மாட்ட அனுப்பியிருந்தார் அண்ணாச்சி. ஜெனோ டீ குடிக்கப் போயிருந்தான். இசக்கிராஜா டிரைவர் சீட்டைக் கழற்றி மேட்டைத் தூக்கினான். பழைய சிவப்பு வயர் கிடந்தது. பின்னால் உருகி ஒட்டியிருந்தாலும் இங்கே லேசாக இளகியதோடு தப்பியிருந்தது.

அதில் ஒரு முடிச்சு. டேப் பிரிந்த இடத்தில் ரோஸ் நூல் தெரிந்தது.

அது பீடி கட்டும் நூல். வெயிலில் பசை இளகி டேப் நழுவுகிறது என்று, மனைவி ஆனந்தவள்ளியின் பீடித் தட்டிலிருந்து நூல் எடுத்து, ஒவ்வொரு இணைப்பையும் இறுக்கிக் கட்டி அதன்மேல்தான் அவன் டேப் சுற்றுவான். தென்காசி வட்டாரத்தில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. "இவன் வயருக்குப் பீடி சுத்துதான்" என்று ஜெனோ கேலி செய்வான்.

நாலு விரல் தள்ளி இன்னொரு ரோஸ் முடிச்சு. இரண்டுக்கும் நடுவே நூல் இல்லாமல் வெறும் டேப் சுற்றிய ஓர் இணைப்பு. டேப்பின் நுனி, பிரிக்க வசதியாகக் காதுபோல மடங்கியிருந்தது. ஜெனோ அப்படித்தான் மடக்குவான்.

அப்படியானால் இசக்கிராஜா ஃபியூஸ் வைத்துத்தான் இருக்கிறான். அதன் இரண்டு முனையையும் கட்டிய முடிச்சுகள்தான் அவை. யாரோ நடுவில் ஃபியூஸை வெட்டியெறிந்துவிட்டு நேராக இணைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஜெனோ வந்து எட்டிப் பார்த்தான். டீ மணத்தோடு நின்றவன் முகம் செத்துவிட்டது.

"நீ மாட்டி அனுப்பின பெறகு டிரைவர் வந்து பெரிய ஆம்ப்ளிஃபயர் கேட்டாம்லே. மாட்டினேன். ஃபியூஸ் போய்க்கிட்டே இருந்துச்சு. சீசன் நேரம், ஒரு நாளைக்குன்னுதான் நேரா கொடுத்தேன்."

"எங்கிட்ட ஏம்லே சொல்லல?"

"சொன்னா கடையே போயிரும்னு பயந்துட்டேன். நீன்னா பொறுத்துக்கிடுவன்னு நெனச்சேன்." அவன் கண் கலங்கியது. "அண்ணாச்சி வரட்டும். நானே சொல்லுதேன். எங்கம்மா சத்தியமா."

அந்தச் சத்தியத்தையும் இசக்கிராஜா நம்பினான். பழக்கதோஷம்.

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி வந்து இறங்கினார். "ஏலே ஜெனோ, பேட்டரி லைன நீதான இழுக்க? இவன் கை படக்கூடாதுன்னு சொல்லித்தான் வண்டிய விட்டேன்."

இசக்கிராஜா ஜெனோவின் வாயையே பார்த்தான்.

"நாந்தான் இழுக்குதேன் அண்ணாச்சி. இவன் கை படாது."

போன வருடம் செய்தது பயத்தில். இது? பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கழுத்தை அறுக்கிறானே!

"அண்ணாச்சி, செத்த இங்கன வாங்க" என்றான் இசக்கிராஜா. அவர் குனிந்ததும் வயரைத் தூக்கிக் காட்டினான். "இந்த ரெண்டு முடிச்சும் நான் கட்டுனது. ஃபியூஸ் வைக்காதவன் நடுவயர எதுக்கு வெட்டி ரெண்டு முடிச்சு போடணும்? நடுவுல இருக்க டேப்பு யாரு சுத்துனதுன்னு நீங்களே பாருங்க."

அண்ணாச்சி பார்த்தார். பிறகு மேசைமேல் ஜெனோ காலையில் சுற்றிவைத்திருந்த ஸ்பீக்கர் வயர்களைப் பார்த்தார். எல்லா டேப்பிலும் நுனி காதாக மடங்கியிருந்தது.

"உன்னையப் போயி நடுரோட்டுல வச்சு ஏசிட்டேனேலே" என்று அண்ணாச்சி இசக்கிராஜாவின் கையைப் பிடித்தார்.

இந்த வார்த்தைக்காக ஒரு வருடம் ஏங்கியிருக்கிறான். என்றைக்காவது இதைக் கேட்டால் முதலில் யாரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்து வைத்திருந்தான். அந்த ஆள் இரண்டடி தள்ளித் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தான்.